குழந்தைகளின் இருதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு – பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் வரலாற்றை அடியார்கள் நன்கறிவர். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாத அவர், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் குறித்து, ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, “நாளை பூசலாரின் கோயிலுக்கு எழுந்தருளுகின்றோம், உன் குடமுழுக்கைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்” என்று உரைத்ததாக வரலாறு கூறுகின்றது. அவ்வூர்ச் சிவபெருமான் இன்றும் இருதயாலீஸ்வரர் என்ற திருநாமத்துடனேயே வழிபடப்படுகின்றார்.

இறைவன் விரும்பிக் குடியேறிய அந்த இருதயம், உடம்பிலும் ஓர் அற்புதமான உறுப்பாகும். தாயின் வயிற்றில் கரு உருவாகிச் சில வாரங்களிலேயே துடிக்கத் தொடங்கி, இறுதி மூச்சுவரை ஓய்வின்றி உழைக்கின்றது. இப்படிப்பட்ட இருதயத்தில் “ஒரு சத்தம் கேட்கின்றது” என்று வைத்தியர் சொன்னால் பெற்றோர் கலங்கிப் போவது இயல்பே. அந்தச் சத்தம் என்ன, எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டியதில்லை என்பதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருதயம் இயங்கும் விதம்

இருதயம் நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு போன்றது. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. உடம்பெங்கும் சுற்றிக் களைத்து வரும் குருதி வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று ஒட்சிசனைப் பெறுகின்றது. பின்னர் இடப்பக்கத்துக்குத் திரும்பி, உடம்பின் சகல பாகங்களுக்கும் அனுப்பப்படுகின்றது.

குருதி வந்த வழியே திரும்பாதபடி தடுக்க, ஒருபக்கம் மட்டுமே திறக்கும் நான்கு கதவுகள் உள்ளன. இவையே வால்வுகள். இக்கதவுகள் மூடும்போது எழும் ஒலியே “லப்-டப்” என்று கேட்கும் இருதய ஒலியாகும். பிறந்த குழந்தையின் இருதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை வரை துடிக்கும். வளர வளர இவ்வேகம் குறையும்.

முணுமுணுப்பு என்றால் என்ன?

“லப்” என்ற ஒலிக்கும் “டப்” என்ற ஒலிக்கும் இடையில், அல்லது அவற்றுக்குப் பின்னர், “உஸ்” என்று இரைவது போன்ற இன்னொரு ஒலி கேட்டால் அதனையே வைத்தியர்கள் “மர்மர்”, அதாவது முணுமுணுப்பு என்கின்றனர். குருதி சுழித்து ஓடுவதால் இவ்வொலி உண்டாகின்றது. மாரி காலத்தில் கலா ஓயாவில் நீர் பெருகி ஓடும்போது, ஆழமான இடத்தில் ஓசையின்றிப் போகும் நீர், கல்லிலும் ஒடுக்கமான இடத்திலும் இரைச்சலிடுவதைக் கரைத்தீவு மக்கள் அறிவர். இருதயத்திலும் அவ்வாறே நடைபெறுகின்றது.

ஆகவே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: முணுமுணுப்பு ஒரு நோயல்ல, அது ஒரு சத்தம். அதன் காரணம் ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், பெரிய நோயாகவும் இருக்கலாம். எது என்பதை ஒருமுறை முறையாகச் சோதித்து அறிந்துகொள்ள வேண்டும்.

இச்சத்தத்தை மனிதன் நன்றாகக் கேட்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. 1816 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் லெனெக் என்ற வைத்தியர், ஒரு நோயாளிப் பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, கடதாசியைக் குழாய்போலச் சுருட்டி அதன்மூலம் கேட்டார். ஒலி முன்னரிலும் தெளிவாகக் கேட்டது. அதிலிருந்து பிறந்ததே இன்று ஒவ்வொரு வைத்தியரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதஸ்கோப் ஆகும்.

தீங்கற்ற முணுமுணுப்பு

நல்ல சுகத்துடன் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்காவது ஏதாவதொரு வயதில் இருதயத்தில் முணுமுணுப்புக் கேட்கக்கூடும். இவர்களின் இருதயத்தில் ஓட்டையும் இல்லை, வால்வில் பழுதும் இல்லை. பிள்ளையின் நெஞ்சு மெல்லியது. இருதயம் காதுக்கு மிக அருகில் இருக்கின்றது. குருதியும் விரைவாக ஓடுகின்றது. அதனால் இயல்பான ஓட்டமே சத்தமாகக் கேட்கின்றது. இதனையே தீங்கற்ற முணுமுணுப்பு என்பர். லண்டனைச் சேர்ந்த சிறுவர் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் 1909 ஆம் ஆண்டில், நரம்பு ஒன்றை மீட்டியது போன்ற இனிய ஓசையுடைய முணுமுணுப்பு ஒன்றை விவரித்து, அது தீங்கற்றது எனக் காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

இவ்வகை ஒலி மெல்லியதாக இருக்கும். பிள்ளை படுத்திருக்கும்போது ஒருவிதமாகவும், எழுந்து இருக்கும்போது வேறுவிதமாகவும் கேட்கும். காய்ச்சல் வேளையில் கூடிக் கேட்டு, காய்ச்சல் தணிந்ததும் குறையும். வயது ஏற ஏறப் பெரும்பாலும் கேட்காமலே போய்விடும்.

குருதிச்சோகை உள்ள பிள்ளைகளுக்கும் முணுமுணுப்புக் கேட்கலாம். குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தால் இருதயம் விரைந்து உழைக்க நேரிடுவதே காரணமாகும். இதற்கு மருந்துடன், மீன், இறைச்சி, முட்டை, கீரை, பருப்பு முதலியவற்றைக் கொடுத்தலும், வைத்தியர் சொன்ன காலத்தில் பூச்சி மருந்து கொடுத்தலும் உதவும். சோற்றுடன் தேநீர் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சாமல் தடுக்கும்.

பிள்ளையை நோயாளி ஆக்காதீர்கள்

இங்கேதான் பல குடும்பங்கள் முதலாவது தவறைச் செய்கின்றன. “தீங்கற்றது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று வைத்தியர் சொன்ன பின்னரும், வீட்டில் பயம் போவதில்லை. ஓடாதே, பந்து அடிக்காதே, நீந்தாதே என்று பிள்ளையைத் தடுக்கின்றனர். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் அனுப்புவதில்லை. பெண்பிள்ளையாயின், “இருதய வருத்தக்காரி” என்ற பேச்சு ஊரில் பரவி, கலியாணப் பேச்சுவரை தொடர்ந்து வரும். ஒரு நோயும் இல்லாத பிள்ளை, வாழ்நாள் முழுவதும் தன்னை நோயாளி என்று எண்ணி வளர்கின்றது.

தீங்கற்றது என்று முடிவான பின் அப்பிள்ளைக்கு மருந்தும் வேண்டாம், தடையும் வேண்டாம். மற்றப் பிள்ளைகளைப்போல ஓடி விளையாட விடவேண்டும். வைத்தியர் கூறியதைச் சுகாதாரப் பதிவேட்டில் எழுதித் தரும்படி கேட்டு வைத்திருந்தால், அடுத்த தடவை வேறொரு வைத்தியர் சத்தத்தைக் கேட்கும்போது மீண்டும் கலங்க வேண்டி வராது.

பிறவிக் குறைபாடுகள்

உலகெங்கும் உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேர் இருதயத்தில் ஏதாவதொரு குறைபாட்டுடன் பிறக்கின்றனர். மிகவும் பரவலாகக் காணப்படுவது, கீழ் அறைகள் இரண்டுக்கும் இடையிலான சுவரில் உள்ள துவாரமாகும். இதனையே மக்கள் “இருதயத்தில் ஓட்டை” என்பர். சிறிய துவாரங்களில் பல, பிள்ளை வளர்கையில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய துவாரங்கள் நுரையீரலுக்குள் அதிக குருதியைத் தள்ளி, பிள்ளையை இளைக்கச் செய்து, காலம் தாழ்த்தினால் நுரையீரலையே நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும்.

சத்தம் பெரிதாயிருந்தால் நோயும் பெரிது என்று எண்ணக்கூடாது. சிறு துவாரத்தினூடாகக் குருதி வேகமாகப் பீறிடுவதால் உரத்த சத்தம் கேட்கலாம். பெரிய துவாரம் மெல்லிய சத்தத்துடன் இருந்துவிடலாம். அதுபோலவே, பிறந்த அன்று ஒரு சத்தமும் கேட்காமலிருந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ கேட்கத் தொடங்குவதும் உண்டு. “பிறந்தபோது நல்லது என்றுதானே சொன்னார்கள்” என்று சொல்லி அறிகுறிகளைத் தள்ளிவிடக்கூடாது.

இன்னொரு குறைபாடு, தாயின் வயிற்றில் இருக்கும்போது தேவைப்பட்டு, பிறந்து சில நாட்களில் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குருதிக் குழாய் மூடாமலே இருந்துவிடுவதாகும். 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ரொபேர்ட் குரோஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இந்தக் குழாயைக் கட்டி மூடி வெற்றி கண்டார். பிறவி இருதயக் குறைபாடுகளைச் சத்திரசிகிச்சையால் திருத்தும் காலம் அதிலிருந்தே தொடங்கியது. இன்று பலருக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடையிலுள்ள நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி மூட முடிகின்றது.

உதடும் நாக்கும் நீலமாகும் குழந்தைகளின் கதை இன்னும் உருக்கமானது. இவர்களுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுங்கியிருப்பதால் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்த ஹெலன் ரௌசிக் அம்மையார் செவிப்புலன் குன்றியவர். ஆகவே குழந்தைகளின் நெஞ்சில் கையை வைத்து, துடிப்பையும் அதிர்வையும் விரல்களால் உணர்ந்தே நோயை அறிந்தார். நுரையீரலுக்குப் புதிய வழி ஒன்றை அமைக்கலாம் என்ற அவரது யோசனையை, விவியன் தோமஸ் என்ற ஆய்வுகூட உதவியாளர் நாய்களில் பலமுறை செய்து பார்த்துச் சீராக்கினார். அல்பிரட் பிளேலொக் என்ற நிபுணர் 1944 நவம்பர் 29 இல் ஒரு பெண்குழந்தைக்கு அதனைச் செய்தார். காதால் கேட்க முடியாத ஒருவர் கைகளால் கேட்டதனால் ஆயிரமாயிரம் குழந்தைகள் பிழைத்தனர்.

தொண்டை நோவிலிருந்து வரும் வால்வு நோய்

பிறக்கும்போது நல்ல இருதயத்துடன் பிறந்த பிள்ளைக்கும் பின்னர் முணுமுணுப்பு வரலாம். ஒருவகைக் கிருமியால் உண்டாகும் தொண்டை நோவைக் கவனியாது விட்டால், இரண்டு மூன்று வாரங்களில் வாதக் காய்ச்சல் வரக்கூடும். பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளையே இது பிடிக்கின்றது. முழங்கால் வீங்கி நோகும். அது மாறியதும் கணுக்காலோ முழங்கையோ நோகும். சில பிள்ளைகளின் கைகால்கள் தம்மை அறியாமல் துடிக்கும், கையெழுத்துக் கோணும். மூட்டு நோவு மாறிவிடும், ஆனால் வால்வில் விழுந்த வடு மாறாது.

இதனைத் தடுப்பது எளிது. காய்ச்சலுடன் தொண்டை நோவு வந்தால் வைத்தியரிடம் காட்டி, அவர் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மருந்தையும் விட்டுவிடக்கூடாது. வாதக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப்படும். இது பல ஆண்டுகள், சிலருக்கு 21 வயதுக்கு அப்பாலும் தொடரும். “பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான்” என்று ஊசியை நிறுத்தியபின், மீண்டும் காய்ச்சல் வந்து வால்வு முற்றாகப் பழுதான பிள்ளைகள் உண்டு. ஊசி நாள் மறவாமல் இருப்பதே அப்பிள்ளைக்குப் பெற்றோர் செய்யும் பேருதவியாகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்வருவனவற்றுள் ஏதாவது காணப்பட்டால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும்.

1. பால் குடிக்கும்போது களைத்து விட்டுவிட்டுக் குடித்தல், நெற்றி வியர்த்தல், மூச்சு வாங்குதல்.
2. சுகாதாரப் பதிவேட்டில் நிறைக்கோடு ஏறாமல் நிற்றல்.
3. சளிக்காய்ச்சல் அடிக்கடி வந்து நெஞ்சு இழுத்தல்.
4. உதட்டின் உட்புறமும் நாக்கும் நீலமாதல். கறுத்த நிறமுள்ள பிள்ளைகளில் தோலைப் பார்த்து அறிவது கடினம். நாக்கைப் பார்க்க வேண்டும்.
5. ஓடும்போது நெஞ்சு நோதல் அல்லது மயங்கி விழுதல்.
6. விளையாட்டின் நடுவே அடிக்கடி குந்தியிருந்து இளைப்பாறுதல்.
7. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருத்தல், அல்லது பிறவி இருதய நோயாளி இருத்தல்.

நீலமாகும் குழந்தை அழுது மேலும் நீலமாகி மூச்சுத் திணறினால், முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்து அமைதிப்படுத்தியவாறே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

எங்கே செல்வது?

குடும்பநல உத்தியோகத்தரும் தாய் சேய் கிளினிக்கும் முதற்படி ஆகும். பாடசாலைகளில் சுகாதார வைத்திய அதிகாரி நடத்தும் வைத்திய பரிசோதனையும் இதற்கு நல்ல வாய்ப்பு. அந்நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காமல் அனுப்ப வேண்டும். சத்தம் கேட்டதாகக் கடிதம் தந்தால், வனாத்தவில்லு தாண்டிப் புத்தளம் வைத்தியசாலைக்குச் சென்று சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டலாம். தேவையேற்படின் அவர் இருதய நிபுணரிடம் அனுப்புவார். கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான இருதய சத்திரசிகிச்சைகள் செய்யப்படுகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. தனியார் வைத்தியசாலையில் செய்ய நேர்ந்தால், ஜனாதிபதி நிதியத்தின் உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

“எக்கோ” என்ற பரிசோதனையைக் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். இது கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் போன்றதே. ஊசியில்லை, நோவில்லை. நெஞ்சில் சிறிது பசைபோன்ற ஒன்றைத் தடவி, கருவியை வைத்து, திரையில் இருதயத்தைப் பார்ப்பார்கள். பிள்ளை அழாமல் இருப்பதே முக்கியம். ஆகவே பாலும் விருப்பமான விளையாட்டுப் பொருளும் கொண்டுசெல்வது நன்று.

கடலுக்குப் போனால்தான் அன்றைய உலை கொதிக்கும் என்ற குடும்பங்களுக்கு, கிளினிக்குக்காக ஒரு நாளை இழப்பது பெரிய காரியமே. பஸ் செலவும் உண்டு. என்றாலும், மறுமுறை வரச் சொன்ன திகதியைத் தவறவிடுவதே இரண்டாவது பெரிய தவறாகும். ஆறு மாதத்தில் மூடியிருக்கக்கூடிய துவாரம், ஆறு ஆண்டுகளின் பின் மூட முடியாததாகிவிடலாம். அயலவர் துணைக்கு ஒருவரைச் சேர்த்து அனுப்புவதும், கோயில் சபையினர் வழிச்செலவுக்குக் கைகொடுப்பதும் ஆலயத் தொண்டுக்கு ஒப்பானதாகும்.

வருமுன் காத்தல்

கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்ற நோய் வந்தால், குழந்தையின் கண், செவி, இருதயம் பழுதடையும். இலங்கையில் 1996 இல் ரூபெல்லாத் தடுப்பூசி அறிமுகமாகி, 2020 ஆம் ஆண்டில் அந்நோய் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இந்நிலை நீடிக்க, 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் தடுப்பூசிகளைத் தவறவிடக்கூடாது. கருவுறுமுன்பே போலிக் அமிலக் குளிசை எடுத்தல், நீரிழிவு இருந்தால் முன்னரே கட்டுப்படுத்துதல், வைத்தியரைக் கேளாமல் மருந்து உட்கொள்ளாதிருத்தல் ஆகியனவும் அவசியம். நெருங்கிய இரத்த உறவில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு சற்றுக் கூடுதலாக ஏற்படலாம் என்பதால், அவர்கள் அதனைக் கிளினிக்கில் தெரிவித்து வைப்பது நல்லது. எனினும் பெரும்பாலான பிறவிக் குறைபாடுகளுக்குக் காரணம் எவருடைய குற்றமும் அன்று. கிரகணத்தில் வெளியே வந்தாள், அதைத் தின்றாள், இதைப் பார்த்தாள் என்று தாயைக் குறை கூறுவது பாவமாகும்.

நேர்த்தியும் வைத்தியமும்

பிள்ளை மூச்சு வாங்கினால் திருநீறு இடுவதும், நூல் கட்டுவதும், அம்மனுக்கு நேர்த்தி வைப்பதும் மரபு. அது மனத்துக்கு வலிமை தரும். ஆனால் நூல் கட்டிவிட்டோம் என்று வைத்தியசாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. திருநீறு பூசிய நெற்றியோடே பிள்ளையைக் கொண்டு செல்லலாம்.

இருதய நோய் உறுதியான பிள்ளைகளைப் பொறுத்தவரை சில விடயங்களில் அவதானம் வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்தும் புண்ணிலிருந்தும் கிருமிகள் குருதியில் கலந்து, பழுதுள்ள இருதயத்தில் தங்கிக் கொடிய நோயை உண்டாக்கலாம். ஆகவே காலையும் இரவும் பல் துலக்குதல் கட்டாயம். காது குத்துவதாயின் வைத்தியரிடம் முன்னரே கேட்டு, சுத்தமான புதிய ஊசியால் செய்விக்க வேண்டும். அலகு குத்துதல், செடில் காவடி போன்ற நேர்த்திகளை இவர்களுக்கு வைக்காமல், பாற்குடம், அர்ச்சனை, அன்னதானம் என்று மாற்றிக்கொள்ளலாம். விரத நாளிலும் இருதய மருந்தை நிறுத்தக்கூடாது. தீங்கற்ற முணுமுணுப்பு மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தத் தனித் தடைகள் எவையும் இல்லை.

எனவே, சத்தம் கேட்டது என்றால் ஒருமுறை சரியாகச் சோதித்து அறிய வேண்டும். தீங்கற்றது என்றால் பயத்தை அன்றே விட்டுவிட வேண்டும். நோய் என்றால் கிளினிக் திகதியை ஒருபோதும் விடக்கூடாது. பூசலார் தம் இருதயத்தில் எழுப்பிய ஆலயத்தை நாள்தோறும் அன்பினால் காத்தார். பிள்ளைகளின் இருதயமாகிய ஆலயத்தைக் காக்கும் பொறுப்பு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கரைத்தீவுக் குழந்தைகள் அனைவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.